யார் பேரும் விட்டுப்போகாமல்

செல்லதுரை மைக்கைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஆவாரங்குறிச்சியில் இப்போது காதுகுத்து என்றால், செல்போனில் பதிவு செய்துவைத்த யாரோ ஒரு பெண்ணின் குரல்தான் ‘வருக வருக’ என்கிறது. அந்தக் குரலுக்கு மாமனும் தெரியாது, மச்சானும் தெரியாது. “நீங்க பேசாட்டி பந்தலே வெறிச்சுனு இருக்குண்ணே” என்று வந்து கூப்பிடுகிறவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. முந்திரிக்காட்டில் நின்று மாட்டை அதட்டினால் இன்றைக்கும் அடுத்த ஊரில் கேட்கும்.

ஊர், அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே போக வேண்டும். மேட்டில் முந்திரி, ஏரிக்குக் கீழே நெல். செல்லதுரைக்கு இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் ஊர் அவரை விவசாயி என்று சொன்னதில்லை. ‘மைக்கு செல்லதுரை’ என்றால்தான் பஸ் கண்டக்டருக்கும் தெரியும்.

இளவயசில் ஒரு மாரியம்மன் திருவிழாவில், மைக் செட்டுக்காரர் கூட்டி வந்த அறிவிப்பாளர் மதியமே குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். நாடகத்தை யாராவது அறிவிக்க வேண்டுமே என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, பத்தாவது தேறாத செல்லதுரை போய் மைக்கை எடுத்தார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கிடாவெட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழா, எதுவானாலும் வரவேற்புரை அவர்தான். எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் அவர்தான். அதற்காக அவர் ஒரு கட்சியிலும் சேரவில்லை. மேடை இருக்கிற கட்சியெல்லாம் அவருக்கு நல்ல கட்சி.

இதில் அவருக்கு ஒரு பயம் உண்டு. அது வந்த கதையைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து ஒன்றில் குருநாதன் என்கிற தாய்மாமன் வாலிகண்டபுரத்திலிருந்து சீர்த்தட்டோடு வந்திருந்தார். செல்லதுரை ஒன்றியத்தை வரவேற்றார், வட்டத்தை வரவேற்றார், மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ளப் போகிற தாய்மாமனை மறந்துவிட்டார். அந்த மனுஷன் தட்டைத் தூக்கிக்கொண்டு, கை நனைக்காமல், பஸ் ஏறிவிட்டார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள ஆள் இல்லாமல் பந்தலே கதிகலங்கிப் போனது. இரண்டு குடும்பமும் மறுபடி பேசிக்கொள்ள வருஷக்கணக்கானது. “பேரை விட்டா பகை” என்று செல்லதுரை அன்றைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு, விழா தொடங்குமுன் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று மனப்பாடம் செய்துகொள்வார். மேடையில் இருக்கிறவர் மட்டுமா? சமையல் மாஸ்டர், ஜெனரேட்டர் ஓட்டுகிறவர், வாசலில் சந்தனம் நீட்டுகிற பெண்கள் வரைக்கும் பேர் சொல்லி வரவேற்பார். கூட்டம் அதற்காகவே கை தட்டும்.

“இவரு தூக்கத்துலயும் ‘வருகை தந்திருக்கும் அனைவரையும்’னுதான் பெனாத்துவாரு” என்பாள் மனைவி பஞ்சவர்ணம். ஒருமுறை துக்க வீட்டுப் படத்திறப்பில் வாய் தவறி “வருக வருக” என்று சொல்லிவிட்டார். செத்தவரின் மகனே சிரித்துவிட்டான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதை இப்படியா மெய்ப்பிப்பது என்று ஊர் ரொம்ப நாள் கேலி செய்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தக் காலம் அவருக்குச் சிரிக்க முடிந்த காலம்.

ஊருக்கு வடக்கே சிமெண்ட் கம்பெனி ஒன்றின் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது. அதை ஊர்ப்பக்கமாக இன்னும் விரிவாக்கப் போகிறார்கள் என்று போன வருஷம் செய்தி வந்தது. அவர்கள் கேட்ட இடத்துக்கு நடுவில்தான் ஏரிக்குத் தண்ணீர் கொண்டு வருகிற வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலை வெட்டிவிட்டால் ஏரி வெறும் பள்ளம். ஏரி போனால் கீழே இருக்கிற நெல்வயல் அத்தனையும் போச்சு. இதில் விளங்காதது எதுவும் இல்லை. ஊரில் பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லாருக்கும் விளங்கியது.

வார்டு மெம்பர் பூவிழிதான் ரேஷன் கடை முன்னால் ஊரைக் கூட்டினாள். ஜெயங்கொண்டத்தில் தையல் கடை வைத்திருப்பவள். செல்லதுரைக்கு மருமகள் முறை. பஞ்சாயத்து ஆபீஸில் கம்பெனி கொண்டுவந்து வைத்திருந்த திட்ட அறிக்கையை நாலு நாள் போய் உட்கார்ந்து படித்திருந்தாள்.

“கருத்துக் கேட்புக் கூட்டம்னு ஒண்ணு வைக்கறாங்க. நம்மளக் கேக்காம செய்யக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. யாரு வேணாலும் பேசலாம். பேசறத எழுதணும். எழுதினத கடைசில எல்லாருக்கும் கேக்கறாப்ல வாசிச்சும் காட்டணும். அதனால ஆளுக்கு ரெண்டு வார்த்த பேசுங்க. ‘வாய்க்காலத் தொடாதீங்க’ன்னு சொன்னாக்கூடப் போதும்” என்றாள்.

கூட்டம் நெளிந்தது. மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார் ஒருவர். போலீஸ் இருக்குமா என்று கேட்டார் இன்னொருவர். அப்போதுதான் செல்லதுரை எழுந்தார்.

“எல்லாரும் எதுக்கு? ஆளாளுக்குப் பேசினா ஒரே கூச்சலாப் போயிரும். ஊரு சார்பா நான் ஒருத்தன் பேசிடறேன். நறுக்குனு பேசிட்டு வந்துடறேன்.”

ஊருக்கு அப்பாடா என்றிருந்தது. பூவிழி மட்டும், “மாமா, தலைக்கு ஒரு கருத்துன்னு பதிவாகும். பத்து பேரு பேசினா பத்து” என்றாள். “நான் பேசறது ஊரே பேசற மாதிரிம்மா” என்று அவளை உட்காரவைத்துவிட்டார். வீட்டுக்கு நடந்து வருகையில் பஞ்சவர்ணம் மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, நான் ஒரு வார்த்த பேசட்டுமா? நாத்து நடறவளுக்குத் தெரியாதா, தண்ணி வராட்டி என்னாகும்னு.”

“ஒனக்கெதுக்கு? அங்க கலெக்டர் ஆபீஸ்லேருந்துல்லாம் வருவாங்க. நான் பேசினா நீ பேசின மாதிரிதான்.”



கூட்டம் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் போலீஸ் வேன், உள்ளே ஃபேன் காற்று, மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசை. கலெக்டர் சார்பில் ஓர் அதிகாரி தலைமை. பக்கத்தில் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்து என்ஜினீயர், தாசில்தார், ஓரத்தில் கம்பெனி மேனேஜர். ஆவாரங்குறிச்சி ஜனம் ஒரு வேனிலும் டவுன் பஸ்ஸிலும் வந்து வலது பக்கம் மொத்தமாக உட்கார்ந்தது.

வாசலிலேயே கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆள் ராஜராஜன் ஓடி வந்தான். “அண்ணே! நீங்களும் வந்துட்டீங்களா? உங்க குரலக் கேட்டாத்தானே மண்டபமே களை கட்டும்” என்று சொல்லி ஒரு சால்வையைத் தோளில் போர்த்தினான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். செல்லதுரையின் தோளுக்குச் சால்வையை மறுத்துப் பழக்கமில்லை. அவன் உள்நோக்கத்தோடு போர்த்தினானா, மரியாதைக்குப் போர்த்தினானா என்று அவர் இன்றுவரை யோசிக்கிறார். எப்படியிருந்தால் என்ன, தோள் அவருடையது.

பேர் கூப்பிட்டார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான், மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். செல்லதுரை மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஊதினார். தொண்டையைச் செருமினார்.

“இந்த இனிய கூட்டத்திற்குத் தலைமையேற்றிருக்கும் மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய ஐயா அவர்களே...”

அதிகாரியை அழைத்தார். என்ஜினீயரை அழைத்தார். தாசில்தார், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், பாதுகாப்புக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர், பக்கத்து ஊர்த் தலைவர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, ஊர் சொல்லி அழைத்தார். குருநாதன் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு போன காட்சி அவருக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் போலிருக்கிறது. ஒருவர் விடவில்லை. கண் கடைசியில் மேனேஜர் மேல் போய் நின்றது. அவரை எப்படி விடுவது? விட்டால் பகை அல்லவா?

“எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்குப் பெஞ்சு தந்து, எங்கள் ஊருக்கு உறுதுணையாக விளங்கும் கம்பெனியின் மேலாளர் அவர்களையும், அவர்கள் எடுத்துள்ள இந்த முயற்சியையும், ஆவாரங்குறிச்சி ஊர்ப் பொதுமக்கள் சார்பிலே இருகரம் கூப்பி வருக வருக என வரவேற்று...”

கம்பெனி ஆட்கள் உட்கார்ந்திருந்த இடது பக்கமிருந்து படபடவென்று கைதட்டல். கைதட்டல் கேட்டால் கொஞ்சம் நிறுத்தி, அது அடங்கிய பிறகு பேசுவதுதான் அவர் வழக்கம். நிறுத்தினார். அடங்கட்டும் என்று காத்திருந்தார்.

“இப்போது நான் சொல்ல வந்த விஷயத்திற்கு...”

மணி அடித்தது.

“நன்றி ஐயா. உங்க கருத்து பதிவாயிடுச்சு” என்றார் அதிகாரி. “சார், இன்னும் நான் சொல்லவே...” என்று செல்லதுரை ஆரம்பிக்கும்போது மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். மைக் இல்லாத அவருடைய குரலை அந்த மண்டபத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வந்து உட்கார வேண்டும். அந்தக் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வலது பக்கத்து ஜனம் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை; எல்லாரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தப்பு செய்தது தாங்கள்தான் என்பது போல. சால்வையைத் தோளிலிருந்து எடுத்துச் சுருட்டினார். மடியில் வைத்தார். காலடியில் வைத்தார். அதை எங்கே வைத்தாலும் கண்ணில் பட்டது.

அடுத்தடுத்து ஆட்கள் பேசினார்கள். கம்பெனி வந்தால் வேலை கிடைக்கும் என்று சிலர், வேண்டாம் என்று சிலர். பக்கத்து ஊர் ராசாத்தி வணக்கம்கூடச் சொல்லாமல், “எங்க கெணத்துத் தண்ணியெல்லாம் ஒங்க குழிக்குள்ள எறங்கிருச்சு. இன்னொரு குழி வேணாம்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். மணி அடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது செல்லதுரைக்கு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் தான் மட்டும்தான் கெடும். இவர் ஒரு ஏரியையே கூட இழுத்துக்கொண்டு போகிறார்.

பூவிழி குனிந்தபடியே நடந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது.

“மாமா, இப்பப் பேசினதையெல்லாம் வாசிப்பாங்க. ஒங்க பேரு வரும். அப்ப எந்திரிச்சு இல்லைன்னு சொல்லிருங்க. நான் சொன்னா, அவரு சொன்னத மாத்த நீ யாருன்னு கேப்பாங்க. நீங்கதான் சொல்லணும்.”

செல்லதுரை தலையை ஆட்டினார். ஆனால் எழுந்து நின்று என்ன சொல்வது? ஊர் என்னிடம் ஒன்றைச் சொல்லி அனுப்பியது, நான் வேறொன்றைப் பேசிவிட்டேன் என்றா? வாய்தான் அவருக்குச் சொத்து. அந்த வாய் எதற்கும் உதவாதது என்று, இத்தனை அதிகாரிகள் முன்னால், அதே வாயால் சொல்ல வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு மனசு சொன்னது. மனுவாக எழுதிப் போடலாமே, யாருக்கும் தெரியாமல் போய்ச் சொல்லிவிட்டு வரலாமே என்று சாக்கு தேடியது.

வாசிக்க ஆரம்பித்தார்கள்.

“ஆவாரங்குறிச்சியைச் சேர்ந்த திரு. செல்லதுரை அவர்கள், ஊர்ப் பொதுமக்கள் சார்பில் திட்டத்தை வரவேற்றுப் பேசினார்.”

அவர் எழவில்லை. எழ வேண்டும் என்று நினைத்தார், எழவில்லை. வாசிக்கிறவர் அடுத்த பேருக்குப் போய்விட்டார். அதற்கடுத்த பேரும் போயிற்று. பூவிழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லதுரை கீழே கிடந்த சால்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெண்கள் வரிசையில் நாற்காலி கரகரவென்று நகர்ந்தது. எழுந்து நின்றது பஞ்சவர்ணம்.

“சார், அந்தப் பேச்ச எழுதாதீங்க சார். அவரு எங்க போனாலும் அப்படித்தான் வரவேப்பாரு. அது பழக்க தோஷம். எழவு வூட்டுலயே வருக வருகன்னு வரவேத்த மனுசன் சார் அவரு.”

மண்டபம் சிரித்தது. வலமும் சிரித்தது, இடமும் சிரித்தது, இன்ஸ்பெக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். மானம் கப்பலேறியது என்பார்களே, அன்றைக்குச் செல்லதுரையின் மானம் அப்படி ஏறியது. பஞ்சவர்ணம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அம்மா, உக்காருங்க. அவர் சொன்னதை அவரேதான் மறுக்கணும். நீங்க மறுக்க முடியாது” என்றார்.

செல்லதுரை எழுந்தார்.

“மதிப்பிற்குரிய...” என்று வாய் தானாகத் தொடங்கியது. பல்லைக் கடித்து நிறுத்தினார்.

“நான் பேசினது தப்பு சார். வாய்க்கால வெட்டக் கூடாது, ஏரி செத்துரும்னு சொல்லச் சொல்லித்தான் ஊரு என்னை அனுப்பிச்சுது. அத நான் சொல்லல. அந்த வரவேத்தத அடிச்சிருங்க.”

“அடிக்க முடியாதுங்க” என்றார் அதிகாரி. இந்த முறை அவர் குரல் இறங்கியிருந்தது. “சொன்னது சொன்னதுதான், வீடியோவும் இருக்கு. ஆனா இப்ப சொல்றதையும் அதுக்குக் கீழ சேக்கலாம். ரெண்டும் இருக்கும். பரவாயில்லையா?”

ரெண்டும் இருக்கும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாளைக்கு எடுத்துப் பார்த்தால், செல்லதுரை என்கிறவன் முதலில் ஏரியை விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு அழுதான் என்று இருக்கும்.

“இருக்கட்டும் சார்” என்றார். “இன்னொண்ணையும் எழுதிக்குங்க. இவங்கள்லாம் பேச வந்தவங்க. நான் ஒருத்தனே போதும்னு சொல்லி இவங்க வாய அடைச்சவன் நான். இவங்களையும் கேளுங்க சார்.”

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். என்ஜினீயரோடு ஏதோ பேசினார். பிறகு, “சுருக்கமாச் சொல்றதா இருந்தா வாங்க” என்றார்.

யார் முதலில் எழுவது என்று ஒரு தயக்கம். பூவிழி போனாள். அவள் பின்னால் ஒரு பெரியவர் போனார், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு. அவர் பின்னால் ஒருத்தி, அவள் பின்னால் இன்னொருத்தி. மைக்கைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றவர்கூட வரிசையில் நின்றார். நாக்கு ஒட்டத்தான் செய்தது. ஆனாலும் “வாய்க்கால்... வேணாம்” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். செல்லதுரைக்கு ஒவ்வொரு குரலும் சுருக்கென்று தைத்தது. இத்தனை பேரையும் ரேஷன் கடை முன்னால் உட்காரவைத்தது அவர்தானே.

கடைசியில் பஞ்சவர்ணம் மைக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எழுதுகிறவர் தலை நிமிராமல் கேட்டார்.

“பேரு?”

“பஞ்சவர்ணம்.”

“கணவர் பேரு?”

“அவருதான் பேசிட்டாரே சார். இது என்னோட கருத்து.”

எழுதுகிறவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

‘பஞ்சவர்ணம்’ என்கிற பேர் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டபோது செல்லதுரைக்கு அது யாருடைய பேரோ போலிருந்தது. சமையல் மாஸ்டரைச் சொல்லியிருக்கிறார், ஜெனரேட்டர் ஓட்டுகிறவரைச் சொல்லியிருக்கிறார், சந்தனம் நீட்டுகிற பெண்களைச் சொல்லியிருக்கிறார். எல்லாக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அவர் பேசி முடிக்கும்வரை சாப்பிடாமல் காத்திருந்தவளின் பேரை ஒரு மேடையிலும் அவர் சொன்னதில்லை. அவள் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போகவும் இல்லை.

அவள் வாய்க்காலைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். செல்லதுரை தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.